பை வைத்திருப்பவன்

வாசலிலேயே தீர்ப்பாகிவிட்டது:
அவர்கள் ஏறுவார்கள், நான் வைத்திருப்பேன்.

மடியில் இப்போது
ஐலாவின் மூக்குக்கண்ணாடி,
இங்கா கழற்றித் தந்த பல்கம்பி, அதன் டப்பா,
இரண்டு தொப்பி,
பாதி கடித்த இறைச்சி ரொட்டி,
எய்னோவின் இடது செருப்பு
(வலதைப் பற்றி இன்னும் தகவல் இல்லை),
போரியிலிருந்து ஒன்றரை மணி நேரம்
நான் ஓட்டிவந்த காரின் சாவி.

முன்னால் ஏரி. பின்னால் பிர்ச் மரங்கள்.
நடுவே அந்தச் சிவப்பு இரும்பு
கோபத்தில் யாரோ பிரித்தெறிந்த
நூல்கண்டு மாதிரி.

நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன்.
ஒரு வடத்தில் எத்தனை இழை,
எத்தனை அறுந்த பிறகும் அது ஓடும்
என்று கணக்குத் தெரிந்தவனுக்கு
வருவது பயமில்லை, வேறொன்று.
அதற்கு நான் இன்னும் பெயர் வைக்கவில்லை.
எய்னோ வைத்திருக்கிறான்:
பயம்.

கடகடகடவென்று சங்கிலி இழுக்கிறது.
முன்வரிசையில் பிள்ளைகள்.
அதற்கடுத்து ஐலா, பக்கத்தில்
தனியாள் வரிசையிலிருந்து கொண்டுவந்து உட்காரவைத்த
பச்சை மழைச்சட்டைக்காரர் ஒருவர்.

ஐலா உரக்கப் பேசி
இந்தப் பதினேழு வருடத்தில் நான் கேட்டதில்லை.
இங்கா பிறந்த இரவில்கூட
செவிலியைக் கூப்பிட்டு
'கொஞ்சம் வலிக்கிறது' என்றாள்.
கோபம் வந்தால் இழுப்பறையைத் திறந்து
கரண்டிகளை அளவு பார்த்து அடுக்குவாள்.
எங்கள் வீட்டில் கரண்டிகள்
எப்போதும் ஒழுங்காக இருக்கும்.

உச்சியில் வண்டி ஒரு கணம் யோசித்தது.
பிறகு விழுந்தது.

இருபத்துநான்கு பேரின் அலறல்
தண்ணீர்மேல் வந்தது.
இங்காவுடையது தெரிந்தது, எய்னோவுடையதும்.
இன்னொன்று,
அடிவயிற்றிலிருந்து கிளம்பி
வளைவு முடிந்தும் முடியாமல் நீண்ட ஒன்று.
யாரோ பாவம், என்று நினைத்தேன்.
கடற்காக்கை ஒன்று இறங்கி
ரொட்டியைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

வந்தார்கள். ஐலாவின் தலைமுடி
எல்லாத் திசையிலும் நின்றது.
'இன்னொரு தடவை' என்றாள்.
குரல் கட்டியிருந்தது.

இன்னொரு தடவை.
மழை தூறியது; பஞ்சுமிட்டாய்க் கடையின்
தார்ப்பாய்க்கு அடியில் நகர்ந்தேன்.
இன்னொரு தடவை.
மழை நின்றது.
வலது செருப்பு கிடைத்தது, என் நாற்காலிக்கு அடியில்.

வெளியே போகும் வழியில் படக்கடை.
திரையில் எங்கள் குடும்பம், நான் நீங்கலாக.
இங்கா காற்றில் உதடு பிதுங்கி,
எய்னோ வெறும் வாயும் நாக்குமாக.
ஐலாவோ
கண்களை இறுக மூடி, வாய் திறந்து,
இடது கையால்
பச்சை மழைச்சட்டைக்காரரின் கையைப் பிடித்திருந்தாள்.
அந்த மனிதர் முகத்தைப் பார்த்தேன்.
லிஃப்டில் வேலை பார்ப்பவராக இருக்கலாம்.

'யார் அது?' என்றாள்.
கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தேன்.
போட்டுக்கொண்டாள், குனிந்து பார்த்தாள்,
காதுவரை சிவந்தாள்.
'அந்தப் பக்கம் நீதானே இருப்பாய்,' என்றாள்.
'பழக்கம்.'

பன்னிரண்டு யூரோ. வாங்கினேன்.
அட்டைச் சட்டம் இலவசம்.

இரவு பத்து மணி, இன்னும் வெளிச்சம்.
பின்னிருக்கையில் இரண்டு பேரும்
செருப்போடு தூங்கிவிட்டார்கள்.
இருபுறமும் பார்லி வயல், எதிரே வண்டி எதுவுமில்லை.
ஐலா கண்ணாடியைக் கீழே இறக்கினாள்.
தலையை லேசாக வெளியே நீட்டி
ஒரே ஒரு முறை,
இன்னும் இருக்கிறதா என்று
சோதித்துப் பார்ப்பதுபோல, கத்தினாள்.

பிள்ளைகள் புரளவில்லை.
அவள் ஜன்னலை ஏற்றிக்கொண்டு
மடியில் கை வைத்து உட்கார்ந்தாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
ஸ்டியரிங்கை இரண்டு கையாலும்
பிடித்துக்கொண்டிருந்தேன்.
சாலை சமதளமாகத்தான் இருந்தது.